திருத்தி எழுதும் காலம்: கரிசல் நாவல்களும் நமது கைப்பிரதிகளும்



நாவல் எழுதுவதைப் பற்றி நம் மன்றத்தில் பலமுறை பேசியிருக்கிறோம். எழுதி முடித்த நாவலைத் திரும்ப எடுத்துத் திருத்துவதைப் பற்றிப் பேசியதில்லை. இந்த ஆண்டு நினைவுப் பொழிவுக்கு அதையே பொருளாக எடுத்துக்கொண்டோம். காரணம், நம்மிடம் வந்து சேர்கிற கைப்பிரதிகள். கோடு போட்ட நோட்டுகள் ஆறேழு. அத்தியாயத்துக்கு அத்தியாயம் பேனாவின் நிறம் மாறியிருக்கும். ஒரு சாவு, ஒரு வழக்கு, ஊரைவிட்டு ஓடிய ஒரு காதல், பஞ்சத்தில் வித்த மாடு என்று எல்லாம் அதில் இருக்கும். வாசித்தவர்கள் நல்லா இருக்கு, கொஞ்சம் திருத்திக் கொண்டாங்க என்று திருப்பிக் கொடுப்பார்கள். அதோடு சரி. அந்த நோட்டுகளை மறுபடி நாம் பார்ப்பதில்லை. எழுதியவரைக் கடைத்தெருவில் பார்த்தால் பார்வையைத் திருப்பிக்கொள்வார்.

இதைச் சோம்பல் என்று ஒதுக்க மனம் வரவில்லை. தீப்பெட்டி ஆபீசில் இத்தனை கட்டை அடுக்கினால் இத்தனை ரூபாய் என்று சின்ன வயதிலேயே விரல் தேய வேலை பார்த்தவர்கள் நம்மில் உண்டு. நூற்பாலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்து காலையில் எழுதியவர்களும் உண்டு. உழைப்புக்கு அஞ்சுகிறவர்கள் அல்லர். அப்படியிருந்தும் திருத்தும் கட்டத்தில் கை ஓய்ந்துபோகிறது என்றால் அதற்கு வேறு காரணங்கள் இருக்கவேண்டும். அவற்றைத் தேடி, நமக்கு மிக அருகிலுள்ள கரிசல் நாவல்களின் வரலாற்றுக்குள் கொஞ்சம் போய்வரலாம் என்பதுதான் இந்த உரை.

முதல் வரைவை எழுதவைப்பது பெரும்பாலும் கோபம். ஊருக்குள் பட்டது, பள்ளியில் கேட்டது, அப்பன் கைகட்டி நின்றதைப் பார்த்தது. அந்தக் கோபம் முந்நூறு பக்கம் வரை இழுத்துக்கொண்டு போகும். ஆனால் எழுதிய கோபம் ஆறிவிடும். ஆறு மாதம் கழித்து நோட்டைத் திறக்கும்போது அந்தச் சூடு இருக்காது. ஒற்றுப்பிழைகளும் ஒரே மாதிரி முடிகிற வாக்கியங்களும்தான் கண்ணில் படும். கோபத்தை மட்டும் நம்பி எழுதியவருக்கு அந்த இடத்தில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

இன்னொரு காரணம் வெளியிலிருந்து வந்தது. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டித் தொண்ணூறுகளில் தலித் இலக்கியம் என்ற பெயர் தமிழில் பரவியபோது நமக்குக் கிடைத்த பாராட்டுகளை நினைத்துப் பாருங்கள். பச்சையான அனுபவம் என்றார்கள், பூசி மெழுகாத குரல் என்றார்கள். பாராட்டாதவர்கள், ஆவணமாக இருக்கிறது, கலையாகவில்லை என்றார்கள். இரண்டு தரப்புக்கும் நடுவே ஓர் உடன்பாடு இருந்ததைத்தான் நாம் கவனிக்கத் தவறினோம். இவர்கள் கொட்டிவிடுவார்கள், செதுக்குவது இவர்கள் வேலை அல்ல என்பதுதான் அந்த உடன்பாடு. பாராட்டியவர் திருத்தவேண்டாம் என்றார். பழித்தவர் திருத்தினாலும் ஆகாது என்றார். நம் பிள்ளைகள் இரண்டையும் கேட்டு வளர்ந்தார்கள். திருத்தினால் உண்மை போய்விடும் என்று நம்புகிற இளம் எழுத்தாளர்கள் இன்றைக்கும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இந்த எண்ணத்துக்குப் பாபாசாகேப் வாழ்விலேயே பதில் இருக்கிறது. 1936இல் லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் தன் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அவரை அழைத்தது. எழுதி அனுப்பிய உரையைப் பார்த்துவிட்டுச் சில பகுதிகளை மாற்றச் சொன்னது. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றமாட்டேன் என்று அவர் மறுத்தார். மாநாடே ரத்தானது. நிகழ்த்தப்படாத அந்த உரையைத் தன் சொந்தச் செலவில் 1,500 படிகள் அச்சிட்டு வெளியிட்டார். தமிழிலும் அது உடனே வந்துவிட்டது. இந்தக் கதை நம் எல்லோருக்கும் தெரியும், மேடைதோறும் சொல்கிறோம். இதற்குப் பின்னால் நடந்ததைத்தான் சொல்வதில்லை. 1937இல் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தபோது, ஹரிஜன் இதழில் காந்தி எழுதிய விமர்சனத்தையும் அதற்குத் தன் பதிலையும் சேர்த்து அந்த நூலை வேறொன்றாக ஆக்கினார். 1944இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது, இந்தியாவில் சாதிகள் என்ற தன் பழைய கட்டுரையையும் உள்ளே கொண்டுவந்து முழுவதையும் மாற்றி எழுத நினைத்திருந்ததாகவும், அதற்கு நேரம் கிடைக்கவில்லை என்றும் முன்னுரையில் வருந்தினார். பிறர் சொல்லிக் காற்புள்ளியை மாற்ற மறுத்தவர், தானாக முழு நூலையும் திரும்ப எழுத ஆசைப்பட்டார். இரண்டும் ஒரே மனிதருடைய ஒரே சுயமரியாதையிலிருந்து வந்தவை.

‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலை ஐந்தாண்டுகள் எழுதித் திருத்தினார். தட்டச்சு செய்து தந்தவர் நானக் சந்த் ரத்து. 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் பௌத்தம் தழுவியபோதும் நூல் அச்சாகியிருக்கவில்லை. டிசம்பர் 5 இரவு, முன்னுரையையும் அறிமுகத்தையும் பார்க்கவேண்டும், எடுத்து வை என்று ரத்துவிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாள் விடிந்தபோது அவர் இல்லை. நூல் 1957இல் வந்தது. சர்க்கரை நோயும் மூட்டு வலியும் நரம்பு வலியும் வாட்டிய உடம்பு அது. அந்த உடம்போடு இரவில் முன்னுரையைத் திருத்த உட்காரவைத்தது எது? நூல் யாருக்குப் போய்ச்சேரவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாகபுரியில் கூடிய லட்சக்கணக்கானவர்கள் கைக்கு அது போகவேண்டும். அவர்களுக்குப் பிழையோடு கொடுக்க அவருக்கு மனமில்லை. நாம் புரிந்துகொள்வது இப்படித்தான்.

இனிக் கரிசலுக்கு வருவோம்.

கோவில்பட்டியை வெளியூர்க்காரர்கள் கடலைமிட்டாயால் அறிவார்கள். 2020இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. இன்னும் சிலர் ஹாக்கியால் அறிவார்கள். இலக்கியம் வாசிப்பவர்களுக்கு அது வேறு ஊர். பக்கத்து இடைசெவலிலிருந்து கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் வந்தார்கள். ஆண்டிபட்டியிலிருந்து பூமணி வந்தார், உருளைக்குடியிலிருந்து சோ. தர்மன். தேவதச்சன், கோணங்கி, தமிழ்ச்செல்வன், உதயசங்கர் என்று இன்னும் பலர். வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரிப் பூமி இது. கோடைமழை விழுந்ததும் உழுது போடுவார்கள். புரட்டாசியில் மழைக்கு முன்பே புழுதியில் விதைப்பவர்களும் உண்டு. ஐப்பசி பொய்த்தால் அடுத்த வருசம் மறுபடி முதலிலிருந்து. 1901இலேயே அரசு இங்கே வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை தொடங்கியது. நூறாண்டுக்கு மேல் ஆராய்ந்தும் வானத்தைப் பார்ப்பது நிற்கவில்லை. இந்த மண்ணிலிருந்து வந்த நாவல்களும் மெதுவாகத்தான் வந்தன. மண்ணுக்கும் நாவலுக்கும் முடிச்சுப்போட்டு மண்வாசனை பேசுவது நம் நோக்கமல்ல, அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆண்டுக் கணக்கை மட்டும் பார்க்கலாம்.

பூமணியின் ‘பிறகு’ 1979இல் வந்தது. செருப்புத் தைக்கிற அழகிரியை நடுவில் வைத்து, சுதந்திரத்துக்குப் பிறகான ஒரு கரிசல் கிராமத்தின் கதையைச் சொல்கிறது. தமிழின் முதல் தலித் நாவல் என்று பலர் அதைச் சொல்கிறார்கள். 1982இல் ‘வெக்கை’. 1985இல் ‘நைவேத்தியம்’. பிறகு பத்தாண்டு இடைவெளி. 1995இல் ‘வாய்க்கால்’, ‘வரப்புகள்’. அதற்கப்புறம் பதினேழு ஆண்டுகள் நாவல் இல்லை. 2012இல் க்ரியா வெளியீடாக ‘அஞ்ஞாடி’ வந்தபோது அது ஆயிரம் பக்கங்களைத் தாண்டியிருந்தது. 2014ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தது.

தர்மன் நூற்பாலைத் தொழிலாளியாக இருந்தவர். அவருடைய ‘தூர்வை’ 1996இல், ‘கூகை’ 2005இல், ‘சூல்’ 2016இல். ஒன்பது ஆண்டுகள், அப்புறம் பதினோரு ஆண்டுகள். பூமணி அவருக்குத் தாய்மாமன் முறை. ‘சூல்’ 2019ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது.

இங்கே நாம் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். பூமணியும் தர்மனும் தலித் எழுத்தாளர் என்ற பெயரைத் தங்களுக்கு ஏற்றுக்கொள்ளாதவர்கள். பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த மேடையிலிருந்து அவர்களுக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது அவர்கள் எழுத்தை மதிப்பதாகாது. அவர்களோடு நமக்கு அந்த விஷயத்தில் வாதம் உண்டு. அது வேறொரு நாளைக்கு. கைப்பிரதியோடு பல்லாண்டுகள் இருப்பது எப்படி என்பதை அவர்களிடம் கற்றுக்கொள்வதற்கு அந்த வாதம் தடையில்லை.

முதலில் ‘வெக்கை’யை எடுத்துக்கொள்வோம். அண்ணனைக் கொன்ற நிலக்காரனின் கையை வெட்டப்போன சிறுவன் சிதம்பரம் ஆளையே கொன்றுவிட, அப்பனும் மகனும் காட்டிலும் மலையிலும் அலைகிற சில நாட்கள்தான் கதை. நாவலில் சாதியின் பெயர் வருவதில்லை. கரிசலில் வாழ்ந்த எவருக்கும் அது புரியாமல் போவதுமில்லை. கொலைக்கு முந்திய அநியாயங்களை வரிசையாக அடுக்கிவிட்டுக் கொலைக்கு வந்திருக்கலாம். நம் முதல் வரைவுகள் அப்படித்தான் இருக்கும். இந்த நாவல் கொலையிலிருந்து தொடங்கிவிடுகிறது. அநியாயங்கள், கஞ்சி காய்ச்சும்போதும் குளிக்கும்போதும் அப்பனும் மகனும் பேசிக்கொள்கிற பேச்சில் துண்டுதுண்டாக வருகின்றன. இந்த அடக்கம் முதல் கொதிப்பில் வருவதல்ல என்று நினைக்கிறோம். முப்பத்தேழு ஆண்டு கழித்து 2019இல் வெற்றிமாறன் அதை ‘அசுரன்’ என்று படமாக்கினார். திரையில் சாதிக் கொடுமையின் முன்கதை விரிவாகச் சொல்லப்பட்டது. சினிமாவுக்கு அது வேண்டியிருந்திருக்கலாம். புத்தகத்தையும் படத்தையும் அடுத்தடுத்துப் பார்க்கிற இளம் எழுத்தாளர், எதைச் சொல்லாமல் விடலாம் என்பதைப் பட்டறை ஏதுமில்லாமலே கற்றுக்கொள்ளலாம்.

‘அஞ்ஞாடி’யின் நிலைமை வேறு. அதன் பின்னால் இரண்டு கலவரங்கள் இருக்கின்றன. கழுகுமலையில் நாடார்கள் தேரோடும் வீதிகளில் ஊர்வலம் போகும் உரிமை கேட்டார்கள், கிடைக்கவில்லை. பலர் கத்தோலிக்கரானார்கள், தேர்வீதியிலேயே வீடு வாங்கிக் கோயிலாக்கினார்கள். 1895 ஏப்ரல் 7, பங்குனி உத்திர ஊர்வலம் அந்த இடத்துக்கு வந்தபோது தகராறு வெடித்தது. எட்டயபுரம் ஜமீன் மேலாளர் குத்திக் கொல்லப்பட்டார். வீடுகள் சூறையாடப்பட்டு எரிந்தன, உயிர்கள் போயின. நான்காண்டு கழித்து 1899 ஜூன் 6இல் சிவகாசி தாக்கப்பட்டது. இந்த வரலாற்றைத் தேடிச் செல்வதற்குப் பெங்களூரிலுள்ள இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் த ஆர்ட்ஸ் பூமணிக்கு நல்கை தந்தது.

அரசு ஆவணங்களைப் படித்தவர்களுக்குத் தெரியும். அவற்றில் வாதி வருவான், பிரதிவாதி வருவான், ஜமீன்தார், கலெக்டர், பாதிரியார், இன்ஸ்பெக்டர் எல்லோரும் வருவார்கள். அன்றைக்குப் பக்கத்துக் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தவள் வரமாட்டாள். கலவரத்துக்குப் பயந்து வெள்ளாவியை அப்படியே விட்டுவிட்டு ஓடிய வண்ணார் குடும்பம் வராது. ‘அஞ்ஞாடி’ கலவரத்தில் தொடங்கவில்லை. பள்ளர் வீட்டுப் பையன் ஆண்டிக்கும் வண்ணார் வீட்டுப் பையன் மாரிக்கும் உள்ள நட்பில் தொடங்குகிறது. தலைமுறைகள் நகர்கின்றன. தாது வருசப் பஞ்சம் வருகிறது. ஆவணத்திலிருந்த நிகழ்ச்சிகள் வந்துசேரும்போது நமக்கு அங்கே வாழ்கிறவர்களைத் தெரிந்திருக்கிறது. ஆவணத்தைத் தேடிப் போனவர், ஆவணத்தில் இல்லாதவர்களோடு திரும்பி வந்திருக்கிறார்.

ஊக்கம் பற்றிய நம் கேள்விக்கு இந்த நாவல் ஒரு வழி காட்டுகிறது. திருத்துவது என்றால் சொல்லை மாற்றுவது, வாக்கியத்தைச் சுருக்குவது என்று நினைத்து உட்காருகிறவருக்கு மூன்றாம் நாள் சலித்துவிடும். புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது மிச்சம் இருந்தால் சலிக்காது. நம் கைப்பிரதிகளில் கேள்விப்பட்டதை எழுதிய இடங்கள் எத்தனையோ உண்டு. தாத்தாவின் நிலம் எப்படிக் கைமாறியது? பத்திரப் பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்ததுண்டா? அந்த வழக்கின் தீர்ப்பு நகலை வாங்கியதுண்டா? ஆவணக் காப்பகத்தில் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு வந்தால், செத்துக் கிடந்த அத்தியாயம் எழுந்து உட்காரும். அப்பாயி சொன்னதற்கும் ஆவணம் சொல்வதற்கும் நடுவே ஒரு முரண் தட்டுப்பட்டால் இன்னும் நல்லது. அப்புறம் அந்த நாவலை விட்டுவிட்டுத் தூங்க முடியாது.

தர்மனிடம் அந்த அறிவு வேறு இடத்திலிருந்து வருகிறது. ‘சூல்’ ஒரு கண்மாயின் கதை. எட்டயபுரம் ஜமீன் காலத்திலிருந்து சுதந்திர இந்தியா வரை அந்தக் கண்மாய் எப்படி இருந்தது, எப்படிச் செத்தது என்பதுதான் நாவல். மடை, கலிங்கு, கரை, கரம்பை அள்ளிக் காட்டுக்கு அடிப்பது, தண்ணீரைப் பங்கு வைக்கும் நீர்ப்பாய்ச்சி, கரை மரங்கள், மீன், பறவை என்று ஊரே தண்ணீரைச் சுற்றி இருக்கிறது. இப்படிப்பட்ட நாவலை அறைக்குள் உட்கார்ந்து திருத்த முடியாது. கண்மாய்க்குப் போகவேண்டும், கிழவர்களிடம் கேட்கவேண்டும். ஆலை வேலைக்குப் போய்வந்துகொண்டிருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. இரண்டு ஷிப்டுக்கு நடுவே ஓர் அத்தியாயம்தான் முடியும் என்பதால் நாவல் முழுவதையும் நினைத்து மலைத்து நிற்க நேரம் இருக்காது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஓய்வில்லாத வாழ்க்கையை இலக்கியப் பயிற்சி என்று புகழ்வது, அந்த வாழ்க்கை வாழாதவர்கள் செய்கிற வேலை.

இனி, நம் கைகளை உண்மையிலேயே நிறுத்திவிடுகிற இடத்துக்கு வருவோம். முதல் வரைவில் எதிராளி வெளியே இருக்கிறான். இரண்டாம் வாசிப்பில்தான் நம் ஆட்கள் கண்ணில் படுகிறார்கள். சித்தப்பா சித்தியை அடித்தது, நாம் நமக்குக் கீழே என்று வைத்திருக்கிறவர்களை நடத்தியது, பஞ்சாயத்தில் காசு வாங்கிக்கொண்டு பேசியது. அதை வைப்பதா எடுப்பதா? வைத்தால் ஊர் என்ன சொல்லும், எதிராளி இதை எப்படி எடுத்துப் பேசுவான்? கைப்பிரதிகள் பரணுக்குப் போவது இந்தக் கேள்வியில்தான். திருத்தச் சொன்ன இளைஞர் கடைத்தெருவில் பார்வையைத் திருப்பிக்கொள்வதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

இந்தப் பயம் கற்பனை அல்ல. வத்திராயிருப்பு புதுப்பட்டியில் பிறந்த பாமா, கன்னியர் மடத்திலிருந்து வெளியேறி ‘கருக்கு’ எழுதினார். 1992இல் வெளிவந்தபோது அவருடைய சொந்த ஊர்க்காரர்களே கோபப்பட்டார்கள். சில மாதங்கள் ஊருக்குள் வர முடியாமல் இருந்தது. பிறகு அதே ஊர் அந்தப் புத்தகத்தைத் தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டது. அவருடைய அண்ணன் ராஜ் கௌதமன் பத்தாண்டு கழித்து 2002இல் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ எழுதினார். அதே ஊர், அதே வீடு. தங்கை ‘நான்’ என்று எழுதியதை அண்ணன் சிலுவைராஜ் என்ற மூன்றாம் ஆளின் கதையாக, அவனைக் கேலி செய்துகொண்டே எழுதினார். ஒரே வாழ்க்கையை இரண்டு தூரங்களிலிருந்து பார்க்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தமிழில் இல்லை. நானாக எழுதித் தொண்டை அடைத்துப்போனால் அவனாக எழுதிப் பார்க்கலாம். அவனாக எழுதி உயிர் இல்லை என்றால் நானுக்குத் திரும்பலாம். இதைச் செய்து பார்க்க ஓர் அத்தியாயமும் ஒரு வாரமும் போதும்.

கரிசலுக்கு வெளியே விருத்தாசலம் பக்கத்திலிருந்து இமையம் எழுதிய ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் க்ரியா வெளியிட்டது. புதிரை வண்ணார் பெண் ஆரோக்கியத்தின் கதை. அவளைச் சுரண்டுகிறவர்கள் சேரியில் இருக்கிற நம்மவர்கள். வந்த காலத்தில் நம் தரப்பிலிருந்தே அதன் மேல் கடுமையான விமர்சனம் எழுந்தது. எதிரிக்கு ஆயுதம் கொடுத்துவிட்டார் என்றார்கள். முப்பது ஆண்டு கழித்துப் பார்க்கும்போது, புதிரை வண்ணார்களைப் பற்றிப் பேச நமக்கு வாய் கொடுத்தது அந்த நாவல்தான். நம் சங்கடத்தைக் காப்பாற்றுவதற்காக ஆரோக்கியத்தைத் திருத்தியிருந்தால் இன்றைக்கு நம்மிடம் என்ன இருந்திருக்கும்?

‘கோவேறு கழுதைகள்’, ‘அஞ்ஞாடி’ இரண்டுக்கும் பின்னால் இருந்த க்ரியா ராமகிருஷ்ணனைப் பற்றிச் சொல்லாமல் இந்த வரலாறு நிறையாது. 2020 நவம்பரில் கொரோனாவுக்கு அவரைப் பறிகொடுத்தோம். ஆசிரியரோடு வரிவரியாக உட்கார்ந்து, ஏன் இந்தச் சொல், ஏன் இந்த இடம் என்று கேட்பவர். பதிப்பாசிரியர் என்ற வேலை தமிழில் இன்றும் அரிது. மெய்ப்புத் திருத்துபவரைத்தான் நமக்குத் தெரியும், அவர் வட்டாரச் சொல்லைப் பிழை என்று திருத்திவிடுவார். கி.ரா. 1982இல் கொண்டுவந்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி இந்த விஷயத்தில் நமக்கும் செய்த உதவி பெரிது. சம்சாரி வீட்டுத் திண்ணையிலிருந்து கேட்ட சொற்கள்தான் அதில் மிகுதி என்ற குறை நமக்கு உண்டு. ஆனாலும் இது எங்கள் சொல், பிழையல்ல என்று எடுத்துக் காட்ட அச்சில் ஒரு புத்தகம் வந்தது.

பதிப்பாசிரியர் கிடைக்காதவர்களுக்குக் கோவில்பட்டியில் காந்தி மைதானம் இருந்தது. இரவுகளில் கூடிப் பேசிய இளைஞர்கள் ஒருவர் எழுத்தை மற்றவர் கேட்டார்கள், கிழித்தார்கள், கிண்டல் செய்தார்கள். தேவதச்சனின் நகைக்கடையும் அப்படிப்பட்ட இடம்தான். தன் கதைக்குக் காத்திருக்கிற நாலு பேர் இருக்கிறார்கள் என்பது திரும்ப எழுதவைக்கும். ஆனால் இரவு பத்து மணிக்கு மைதானத்தில் உட்கார யாரால் முடியும்? தீப்பெட்டிக் கட்டு ஒட்டிக்கொண்டிருந்த பெண்ணால் முடியாது. கோவில்பட்டி இத்தனை நாவலாசிரியர்களைத் தந்தது; தீப்பெட்டி ஆபீசுக்குள்ளிருந்து ஒரு பெண் எழுதிய பெரிய நாவல் நம் கைக்கு இன்னும் வரவில்லை. குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றிப் பூமணி ‘கருவேலம்பூக்கள்’ என்று ஒரு படம் எடுத்தார். அந்தக் குழந்தைகள் இன்றைக்கு நடுவயதில் இருப்பார்கள். அவர்களில் யாரோ ஒருத்தியின் நோட்டு எந்தப் பெட்டியிலோ இருக்கலாம்.

திருத்துவதற்கு முடிவும் வேண்டும். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ரால்ஃப் எலிசன் ‘இன்விசிபிள் மேன்’ நாவலை 1952இல் வெளியிட்டுப் பெரும்புகழ் பெற்றார். இரண்டாவது நாவலை அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் எழுதினார். 1967இல் வீட்டில் தீப்பிடித்துக் கைப்பிரதியின் ஒரு பகுதி எரிந்தது. மிச்சத்தை எழுதி எழுதிப் பெருக்கினார். 1994இல் இறந்தபோது ஆயிரக்கணக்கான பக்கங்கள் இருந்தன, நாவல் இல்லை. அதிலிருந்து ஒரு பகுதியை எடுத்து 1999இல் மற்றவர்கள் வெளியிட்டார்கள். முதல் புத்தகத்தின் புகழ் அவரை மிரட்டியதா, அல்லது நாட்டு நடப்பு அவருடைய கதையை முந்தி ஓடிக்கொண்டே இருந்ததா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். யாழ்ப்பாணத்தின் கே. டானியல் இதற்கு நேர் எதிர். 1972இல் ‘பஞ்சமர்’ வந்ததிலிருந்து அடுத்தடுத்து எழுதிக்கொண்டே இருந்தார். செதுக்கவில்லை என்று அவரைக் குறை சொல்பவர்கள் உண்டு. போர் சூழ்ந்த நாட்டில், நோயோடு, இயக்க வேலைகளுக்கு நடுவே எழுதியவர் 1986இல் தஞ்சாவூரில் காலமானார். ‘தண்ணீர்’ அவர் இறந்த பிறகு அச்சேறியது. எலிசனுக்கு இருந்த காலம் டானியலுக்கு இல்லை. டானியலுக்கு இருந்த அவசரம் எலிசனுக்கு இல்லை. நம்மில் பலருடைய நிலைமை டானியலுக்குப் பக்கத்தில்தான். அதனால் மூன்று முறைக்கு மேல் ஒரே அத்தியாயத்தைத் தொடுகிறவர்களிடம், அடுத்ததற்குப் போங்கள் என்று நாம் தயங்காமல் சொல்லலாம்.

நம் மன்றத்துக்குச் சில வேலைகள் இருக்கின்றன. மாதக் கூட்டங்களில் புதிய படைப்பு வாசிப்பு என்று ஒரு பகுதி வைத்திருக்கிறோம். முதல் வரைவை வாசிக்கிறார்கள், கைதட்டுகிறோம், முடிந்துபோகிறது. அடுத்த கூட்டத்திலிருந்து, ஏற்கெனவே இங்கே வாசித்த அத்தியாயத்தைத் திருத்தி மறுபடி வாசிப்பவருக்கு முதல் இடம். முந்திய வரைவையும் கொண்டுவரவேண்டும். இரண்டையும் கேட்டு எதை எடுத்தார், ஏன் எடுத்தார் என்று கேட்போம். சாதிப் பெயரை எடுத்தவரிடமும் கேட்போம், சேர்த்தவரிடமும் கேட்போம். பெண்கள் வருவதற்காகக் கூட்டத்தை ஞாயிறு காலைக்கு மாற்றுகிறோம். பிள்ளைகளைக் கூட்டி வரலாம், பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கிறோம். ஆவணக் காப்பகத்துக்கும் பதிவு அலுவலகத்துக்கும் போகிறவர்களோடு, விண்ணப்பம் எழுதத் தெரிந்த மூத்த உறுப்பினர் ஒருவர் கூடப் போவார். நோட்டுகளை வீட்டில் வைக்க இடமில்லாதவர்கள், வைக்கப் பயப்படுகிறவர்கள், மன்றத்தின் அலமாரியில் வைக்கலாம். பூட்டுச் சாவி எழுதியவர் கையில் இருக்கும். போன ஆண்டுகளில் திருத்தச் சொல்லித் திருப்பித் தந்த பிரதிகளின் பட்டியல் செயலாளரிடம் இருக்கிறது. வருகிற மாதத்திலிருந்து அந்தப் பட்டியலிலுள்ள ஒவ்வொருவர் வீட்டுக்கும் நாமே போகப்போகிறோம்.